குளிரில் கறுத்த கண்ணாடி

அத்தியாயம் 12

கண்ணாடிக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அதற்குள் குனிந்து, முதலில் பெட்டியை உள்ளே தள்ளினாள் அக்கா. பிறகுதான் ஆள் வந்தாள்.

"என்னக்கா இது?" என்றாள் பொடிசு.

"பார்த்தா தெரியலை? பெட்டி."

"அது தெரியுது. எதுக்குன்னு கேட்டேன்."

"சாயங்காலம் வரைக்கும் உன் கடையில ஒரு ஓரமா இருக்கட்டும். மூணு மணிக்கு அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டுட்டார்னா, நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போறதா இல்லை."

பொடிசுக்கு வயது இருபத்தொன்பது. ஆளும் ஒன்றும் பொடிசு இல்லை. கடைக்குட்டியாகப் பிறந்த பாவத்துக்கு வீட்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடையில் அவளுக்கு வேறு பெயர்: 'பத்துக் கேள்வி'. கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் என்ன வேலை, எத்தனை மணி நேரம், வெயிலா நிழலா, வண்டி ஓட்டுவீங்களா என்று குடைந்து எடுத்துவிட்டுத்தான் லென்ஸ் பெட்டியையே திறப்பாள். "கண்ணாடி வாங்க வந்தேனா, வாக்குமூலம் கொடுக்க வந்தேனா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டே விட்டார்.

அக்கா வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே இருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியையே வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று ராத்திரி தூங்காத முகம் அது.

செவ்வாய்க்கிழமை நடந்ததைத் தவறவிட்டவர்களுக்காக நாலே வரி. அக்காவின் வீட்டுக்காரர், அதாவது பொடிசின் அத்தான், உறைந்த சரக்கு வைக்கும் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அன்று மத்தியானம் ஃப்ரீஸர் அறைக்குள் நேராகப் போய் ரேக்கில் இடித்தார். பெட்டிகள் சரிந்து, சரக்கு எண்ணிக்கொண்டிருந்தவரின் கால் முறிந்தது. வண்டியிலிருந்து குதித்த அத்தான் போட்ட முதல் சத்தம், "யாருய்யா லைட்டை அணைச்சது?"

அறையில் பன்னிரண்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குடித்திருக்கிறார் என்று சொல்ல அது போதாதா? நாலு வருஷத்துக்கு முன்னால் வரை குடித்துக்கொண்டிருந்த மனிதர் வேறு.

அடிபட்டவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதால், ஊதிப் பார்க்கும் சோதனை ராத்திரிதான் நடந்தது. ஒன்றும் காட்டவில்லை. "ஆறு மணி நேரம் கழிச்சு ஊதினா என்னத்தைக் காட்டும்?" என்றார் மேற்பார்வையாளர். குடித்திருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம். இல்லையென்றால் முழு விசாரணை, முழு உடல் பரிசோதனை. கையெழுத்துப் போடுகிறேன் என்று அத்தான் சொல்லிவிட்டார்.

"குடிக்கலைன்னா எதுக்குக் கையெழுத்து? சொல்லு, எதுக்கு?" என்றாள் அக்கா. "மூணு நாளா கேட்கிறேன். 'நீ என்ன வேணா நினைச்சுக்கோ'ன்னு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிறார். குடிச்ச காலத்துல கூட மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னவர்டி அவர்."

அத்தானைப் பொடிசுக்கு ரொம்பப் பிடிக்கும். துடைத்த ஃபிரேமையே மறுபடி துடைத்தாள். கண்ணாடிக் கையில் மாட்டும் திருகாணி கீழே விழுந்து உருண்டது. தேடி எடுத்தாள், மறுபடி விழுந்தது.

"உன் கைக்கு என்ன கேடு?" என்றாள் அக்கா.

"உன்னைப் பார்த்துத்தான்" என்றாள் பொடிசு.

பதினோரு மணிக்கு நில அளவைக்காரம்மா ஒருவர் வந்தார். வெயிலில் நின்றே முகம் கறுத்த அம்மாள், பேச்சில் அவசரம். "வெளியே போனா கறுக்குமே, உள்ளே வந்தா வெள்ளையாகுமே, அந்தக் கண்ணாடி வேணும்."

பொடிசு ஆரம்பித்துவிட்டாள். என்ன வேலை? ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளியே, எத்தனை தடவை உள்ளே? ஜீப் நீங்களே ஓட்டுவீங்களா?

"ஓட்டுவேன். ஏன், ஓட்டக் கூடாதா?"

"ஓட்டலாம்மா. ஆனா வண்டிக்குள்ள இது கறுக்காது. இந்த லென்ஸ் வெளிச்சத்தைப் பார்த்துக் கறுக்கிறது இல்லை. வெயில்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கு, புற ஊதான்னு சொல்வாங்க. அது பட்டாத்தான் லென்ஸுக்குள்ள இருக்கிற மருந்து உருவம் மாறி வெளிச்சத்தைக் குடிக்கும். வண்டியோட முன் கண்ணாடி அந்தக் கதிரை வெளியேவே நிறுத்திடும். அதனால வண்டி ஓட்ட மட்டும் தனியா ஒரு கூலிங் கிளாஸ் வெச்சுக்குங்க."

"அப்போ இது யாருக்குத்தான் ஆகும்?"

"உங்களுக்கு ஆகும். வெயில்ல நிற்கிறீங்க, ஆபீஸுக்குள்ள வர்றீங்க, மறுபடி வெளியே போறீங்க. கண்ணாடியை மாத்தி மாத்திப் போடுற தொல்லை இல்லை. கறுக்க அரை நிமிஷம், தெளிய மூணு நாலு நிமிஷம். ரெண்டு மூணு வருஷம் போனா வேகம் குறையும், அப்போ மாத்திடணும்."

"எனக்கு மலை மேல மாற்றல் ஆயிருக்கு. அங்கே பல்லு தந்தி அடிக்கிற குளிர். குளிர்ல இது வேலை செய்யுமா?"

"நல்லாவே செய்யும்மா. சூட்டுல கொஞ்சம் சோம்பேறி. குளிர்லதான் இன்னும் அடர்த்தியாக் கறுக்கும். ஆனா குளிர்ல தெளியத்தான் ரொம்ப நேரம்..."

அதோடு நின்றது பேச்சு.

வாய் திறந்தபடி இருக்க, பொடிசு திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா ஒன்றும் புரியாமல் இவளைப் பார்த்தாள். அந்தம்மாள் இருவரையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, நல்லாத்தானே பேசிட்டிருந்தே?" என்றார்.

அத்தானின் கண்ணாடி! மூன்று மாதம் முன்னால், அவர் பிறந்தநாளுக்குப் பொடிசு ஆசை ஆசையாகப் போட்டுக் கொடுத்தது. அப்போது அவர் திறந்த முற்றத்தில் வண்டி ஓட்டினார். அந்த வேலைக்கு அது பொருத்தம்தான். அடுத்த மாதமே அவரை ஃப்ரீஸர் பகுதிக்கு மாற்றினார்கள். அது பொடிசுக்குத் தெரியும். "குளுகுளுன்னு வேலை, கொடுத்து வெச்சவர்" என்று கிண்டல் அடித்ததே அவள்தான்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவும்போது அத்தான் சொன்னார்: "பொடிசு, இந்தக் கண்ணாடி கொஞ்சம் இருட்டடிக்கிற மாதிரி இருக்கும்மா."

இவள் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பழகிடும் அத்தான்."

பழகிடும்! கடைக்கு வந்த ஒருத்தரிடம் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பக்கத்துக் கவுண்டரில் யாராவது சொன்னால்கூடச் சண்டைக்குப் போவாள். அவமானத்தில் காது மடல் சுட்டது.

நில அளவைக்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, மாதிரி லென்ஸ் இரண்டை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் ஓடினாள். அங்கே முதலாளி சாப்பாட்டு டப்பா வைக்கும் சின்ன ஃப்ரிட்ஜ் இருந்தது. ஒரு லென்ஸை ஐஸ் கட்டி வைக்கும் இடத்தில் திணித்தாள்.

"அக்கா, உன் கடிகாரத்தைக் கழட்டிக் கொடு."

"எனக்கு இருக்கிற கவலையில நீ வேற விளையாடுறியா?"

"கொடுக்கா!"

கால் மணி நேரம் குளிர வைத்தாள். பின்வாசல் படியில் அடித்த வெயிலில் இரண்டு லென்ஸையும் ஒரு நிமிடம் காட்டினாள். இரண்டும் கறுத்தன, ஜில்லென்றிருந்தது இன்னும் ஒரு படி கூடவே. ஒன்றை மேசை மேல் வைத்தாள். மற்றதை மறுபடி ஐஸ் பக்கம் வைத்துக் கதவைச் சாத்தினாள். நாலு நிமிடத்தில் மேசை லென்ஸ் வழியாகச் செய்தித்தாளைப் படிக்க முடிந்தது. பத்து நிமிடம் கழித்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

அது அப்படியே கறுத்துக் கிடந்தது.

"இதுதான் அக்கா. ஃப்ரீஸருக்குள்ள கண்ணாடி ஜில்லுனு ஆயிடும். அதோட வெளியே வெயில்ல சரக்கு இறக்க வர்றார். நல்லாக் கறுத்துடும். சூடாகிறதுக்குள்ள திரும்ப உள்ளே போறார். அங்கே அது தெளியவே தெளியாது. விளக்கு எரியுது, அவருக்குத் தெரியலை. அத்தான் குடிக்கலை."

அக்கா அந்த லென்ஸை விரலில் பிடித்து விளக்குக்கு நேராகக் காட்டிப் பார்த்தாள். "அப்போ எதுக்குடி கையெழுத்துப் போடுறேங்கிறார்?" என்றாள் மறுபடி.

பொடிசு அத்தானுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். மணி பன்னிரண்டரை.

எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளி தொண்டையைக் கனைத்தார். "போறே, சரி. அங்கே எழுதிக் கொடுத்தேன்னா உன் பேரோட என் கடை பேரும் அதுல ஏறும். வண்டி ஓட்டுறவர்னு தெரிஞ்சும் வேலை இடத்தைக் கேட்காம லென்ஸ் கொடுத்தாங்கன்னு ஊர் பேசும். யோசிச்சுக்கோ."

"யோசிச்சா போக மாட்டேன் சார்" என்றாள் பொடிசு. பவர் இல்லாத ஒரு மாதிரிக் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் இரண்டு பேரும் நின்றுகொண்டே போனார்கள். சிக்னலில் நின்ற ஒவ்வொரு தடவையும் அக்கா ஓட்டுநரை மனதுக்குள் வைதாள். கொஞ்சம் வாய்விட்டும் வைதிருக்க வேண்டும், அவர் திரும்பிப் பார்த்தார்.

கிடங்கு வாசலில் காவலாளி தடுத்தார். "உள்ளே விசாரணை நடக்குது. யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு."

"விசாரணையே என் புருஷனைப் பத்தித்தான். என்னை விடாம யாரை விடுவீங்க?" என்றாள் அக்கா. அவள் போட்ட போடில் அவர் தானாகவே கதவைத் திறந்துவிட்டார்.

அறையில் மூன்று பேர். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியம்மா. கழுத்தில் விசிலோடு மேற்பார்வையாளர். நாற்காலி நுனியில் அத்தான், கையில் பேனாவோடு. காகிதத்தில் முதல் எழுத்து விழுந்திருந்தது.

"பேனாவை வைங்க!" என்றாள் அக்கா.

அத்தான் பதறி எழுந்தார். "நீ எதுக்கு இங்கே வந்தே?"

பொடிசு மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லி முடித்தாள். லென்ஸ், குளிர், வெயில், ஃப்ரிட்ஜ், பத்து நிமிடம். அதிகாரியம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். விசில்காரர்தான் சிரித்தார். "கேட்டீங்களா மேடம்? குடிச்சவரைக் காப்பாத்தக் கண்ணாடி மேல பழி. அவ்வளவு இருட்டா இருந்தா கழட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"கழட்டினா அத்தானுக்கு ரெண்டடி தள்ளி இருக்கிறதே தெளிவாத் தெரியாது. அதுவுமில்லாம நீங்க கொடுக்கிற தடிக் கையுறையைப் போட்டுக்கிட்டு, தலைக்கு மேல கோட்டு முக்காட்டையும் இழுத்துக்கிட்டு, ஒரு கையால வண்டியை ஓட்டிக்கிட்டு எப்படி சார் கழட்டுறது?" பொடிசு மாதிரிக் கண்ணாடியை நீட்டினாள். "இதுல பவர் கிடையாது. நீங்களே போட்டுக்கிட்டு ஒரு நடை போயிட்டு வாங்க."

"நானா?"

"போங்க" என்றார் அதிகாரியம்மா. "நானும் வர்றேன்."

எல்லோரும் தடிக் கோட்டு மாட்டிக்கொண்டு ஃப்ரீஸர் அறைக்குள் போனார்கள். மூக்கு முடி விறைத்தது. பத்து நிமிடம் நின்றார்கள், அல்லது குதித்தார்கள். பிறகு விசில்காரர் மட்டும் சரக்கு இறக்கும் மேடைக்குப் போய் வெயிலில் நின்றார். வெளியே போனதும் கண்ணாடியில் ஆவி படிந்தது, துடைத்துக்கொண்டார். இரண்டு நிமிடம். கண்ணாடி கன்னங்கரேல் என்று ஆயிற்று. ஏதோ பெரிய பிரமுகர் மாதிரி மிடுக்காகத் திரும்பி உள்ளே வந்தார்.

இரண்டு எட்டு வைத்தார். நின்றார். கையை முன்னால் நீட்டித் துழாவினார்.

"யாருய்யா லைட்டை அணைச்சது?"

குளிர்விக்கும் மின்விசிறி மட்டும் இரைந்தது. தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழ, விசில்காரர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். பன்னிரண்டு விளக்கையும் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தார்.

அத்தானும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் இழுத்துக் கோணியது. அப்படியே பக்கத்துச் சரக்குப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ என் கண்ணு போகலையா பொடிசு?" என்றார்.

"என்ன அத்தான் சொல்றீங்க?"

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. வெளிச்சத்துல இருந்து உள்ளே வந்தா இருட்டிக்கும்னு சொல்வார். அஞ்சே வருஷத்துல முழுசாப் போயிடுச்சு. மூணு நாலு நிமிஷத்துல தெளியும்னு நீ கொடுக்கும்போதே சொன்னதால, கண்ணாடி மேல எனக்குச் சந்தேகமே வரலை. என் கண்ணுதான் போகுதுன்னு நினைச்சுட்டேன். உடம்பைப் பரிசோதிச்சா தெரிஞ்சிடும். குடிகாரன்னா ரெண்டு மாசத்துல வண்டியில ஏறலாம். குருடன்னா எவன் ஏத்துவான்?"

அக்கா அவர் எதிரே போய் நின்றாள். "அதனால நான் உங்களைக் குடிகாரன்னு நினைச்சாலும் பரவாயில்லைன்னு இருந்தீங்க?"

அத்தான் தலை குனிந்தார்.

"நாலு வருஷம். ஒரு நாள் விடாம வாயை மோந்து பார்த்து, அப்புறம் மோந்து பார்க்கிறதையே விட்டேன். நம்பிக்கை வந்துதான் விட்டேன். அதை நீங்களே தூக்கிக் குப்பையில போட இருந்தீங்களே!" கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கவில்லை. "கண்ணு போனா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக மாட்டேனா நான்? அவ்வளவுதானா என் மேல இருக்கிற நம்பிக்கை?"

அவர் அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் பிடிக்க விட்டாள். அவ்வளவுதான். கடையில் விட்டு வந்த பெட்டியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அறைக்குத் திரும்பியதும் அதிகாரியம்மா அந்தக் கையெழுத்துக் காகிதத்தை நாலாகக் கிழித்தார். "கண் டாக்டர் சான்றிதழ் வேணும். நாளைக்கே போய்ப் பார்த்துக் கொண்டு வரணும். அப்பாவுக்கு இருந்ததுன்னு சொல்றார், அதை விட்டுட முடியாது. கண்ணு சரியா இருந்தா, வெள்ளைக் கண்ணாடி போட்டு வண்டியில ஏறட்டும்." பிறகு பொடிசு பக்கம் திரும்பினார். "இந்த லென்ஸைக் கொடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"ஃப்ரீஸர்ல வேலைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். கொடுத்தபோது அவர் முற்றத்தில்தானே இருந்தார்?

"மாறினது தெரியும். கண்ணாடி இருட்டடிக்குதுன்னு அவரே சொன்னார். நான்தான் காதுல வாங்கலை."

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அத்தான் கீழே வைத்த அதே பேனாவால் பொடிசு எழுதினாள். கடையின் பெயரையும் எழுதினாள். எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று. குளிர் இன்னும் விரலில் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியே வந்தபோது மணி நாலு. வாசல் பெஞ்சில் ஒரு பெண்மணி, மடியில் ஆஸ்பத்திரிக் கோப்போடு காத்திருந்தார். அக்கா சட்டென்று பொடிசின் முழங்கையைப் பிடித்தாள். "அவங்கதான்டி. கால் முறிஞ்சவரோட சம்சாரம். அன்னிக்கு ஆஸ்பத்திரியில அத்தனை பேர் முன்னாடி, 'உன் புருஷன் குடிச்சுட்டு என் குடும்பத்தை முடமாக்கிட்டான்'னு என்னைத் திட்டினாங்க. வா, பின்பக்கமாப் போயிடலாம்."

பொடிசு கையை விடுவித்துக்கொண்டு நேராகப் போனாள். அக்கா கூப்பிட்டாள், திரும்பவில்லை. போனாள்.

"அம்மா, எங்க அத்தான் குடிக்கலை. அவருக்குக் கண்ணு தெரியாம போனது நான் கொடுத்த கண்ணாடியால. உள்ளே எழுதிக் கொடுத்துட்டேன். உங்ககிட்டயும் சொல்லிடணும்னு வந்தேன்."

அந்தப் பெண்மணி நிமிர்ந்து அவளை உற்றுப் பார்த்தார். மூக்கு மேல் இருந்த கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார். அந்த ஃபிரேமைப் பொடிசுக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. மாட்டிக் கொடுத்த கை இவளுடையதுதான்.

"நீ பத்துக் கேள்வி பொண்ணுதானே?" என்றார். "எனக்குக் கண்ணாடி போட அரை மணி நேரம் கேட்டே. அடுப்பு பக்கமா, தையல் பக்கமா, எந்தக் கையில ஊசின்னு கூடக் கேட்டே. அவரை ஏன் கேட்கலை?"

"வீட்டு ஆளாச்சேன்னு..." என்று ஆரம்பித்தாள் பொடிசு. "வீட்டு ஆளாச்சேன்னு விட்டுட்டேன்மா."

அவர் கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன் வீட்டு ஆளுன்னு நீ விட்டே. படுத்துக் கிடக்கிறது என் வீட்டு ஆளு" என்றார். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வா. இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லு."